ஒகாமேயும் மூதேவியும்: நகைமுகப் பெண்வேடங்கள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

தமிழையும் யப்பானிய மொழியையும் ஒருங்குவைத்து நோக்கும் ஆர்வம் எம்மவரிடையே 1980களில் பெருகியது. பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) இரு மொழிகளுக்கும் உறவுண்டு என்னும் கருத்தை முன்வைத்ததும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் தோக்கியோவிலுள்ள ககுஷுயின் பல்கலைக்கழகத்தில் அவருடன் இணைந்து பணியாற்றியதும் அவ்வார்வத்துக்கு உரமூட்டின. தைப்பொங்கற் சடங்குகளுக்கும் யப்பானியக் கிராமங்களின் சிறு புத்தாண்டுச் சடங்குகளுக்குமிடையே ஓனோ கண்ட ஒப்புமைகள் எமது வாசகர்க்கு வியப்பையும், ஓரளவு பெருமையையும் அளித்தன. யப்பானிய மொழியியலாளருட் பெரும்பாலோர் அவரது முடிபை ஏற்கவில்லை. அவ்விவாதத்தினுள் நாம் இங்குப் புகப்போவதில்லை. எமது கவலை வேறு. ஒப்புமை தேடும் கண்ணுக்கு வேற்றுமை தெரிவதில்லை. சில வேளைகளில் வேற்றுமையே கூடுதலான செய்தியைச் சொல்லுகின்றது.

வேலணைக்கு அணித்தாயுள்ள கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) தென்கிழக்காசியாவிலே தமிழ்ச் செல்வாக்கைத் தேடிச் சென்றபோது, சயாம் நாட்டு அரச சடங்கில் ஓதப்பட்ட திருவெம்பாவையைப் போன்ற உறுதியான சான்றுகளைக் கைக்கொண்டு திரும்பினார். சொல் ஒலிக்கின்றது என்பதற்காக உறவு கொண்டாடுதல் அவர் நெறியன்று. அந்நெறியைப் பின்பற்றுவோர், யப்பானிய நாட்டார் மரபிலுள்ள ஒகாமே என்னும் நகைமுகப் பெண் முகமூடிக்கும் எமது மரபிலுள்ள எந்த வேடத்துக்கும் வரலாற்று உறவு உண்டெனக் கூறத் துணியார். நாமும் துணியவில்லை. எனினும் இரு சமூகங்களும் அழகற்ற பெண்ணொருத்தியின் முகத்தை உருவாக்கி, அதனை என்ன செய்தன என்று கேட்பதற்கு வரலாற்று உறவு வேண்டியதில்லை.

ஒகாமே என்பவள் யார்? உப்பிய வெண்கன்னங்கள், அவற்றிடையே அமிழ்ந்துபோன சிறு மூக்கு, உயர்ந்த நெற்றி, அந்நெற்றியில் மைப்பொட்டுகளாய் இடப்பட்ட புருவங்கள், ஒடுங்கிச் சிரிக்கும் கண்கள், சிறிய செவ்வாய்: இம்முகத்தை யப்பானில் அறியாதார் இல்லை. ஒத்தபுக்கு என்பது அவளுக்கு வழங்கும் மற்றொரு பெயர். ‘மிகுந்த பேறுடையாள்’ என அதற்குப் பொருள் கொள்வர். நவம்பர் மாதத்துச் சேவல்நாட் சந்தையில் வணிகர் வாங்கிச் செல்லும் மூங்கில் வாரிகளில் இம்முகம் பொருத்தப்பட்டிருக்கும். பேற்றை வாரிக்கொள்வதற்கான வாரி அது. புத்தாண்டு நாளிற் சிறுவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, வெறுமுகம் வரைந்த தாளில் கண், மூக்கு, வாய் ஆகியவற்றை ஒட்டிப் பார்த்துச் சிரிக்கும் விளையாட்டிலும் பெரும்பாலும் இவள் முகமே பயன்படும். அதே வேளையில், ஒகாமே என்றோ ஒத்தபுக்கு என்றோ ஒரு பெண்ணை அழைப்பது அந்நாட்டில் வசையுமாகும். கன்னம் வீங்கும் நோயாகிய கூகைக்கட்டுக்கு ‘ஒத்தபுக்குக் காய்ச்சல்’ என்பதே யப்பானிய வழக்கு. தமிழகத்தார் அதே நோயைப் ‘பொன்னுக்கு வீங்கி’ என்பர். வீங்கிய கன்னத்துக்கும் செல்வத்துக்கும் முடிச்சுப்போட இரு நாட்டாருக்கும் தோன்றியிருப்பது வேடிக்கையானதே; ஒப்புமை தேடுவோர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆக, ஒரே முகம் மங்கலமாகவும் வசையாகவும் நிற்கின்றது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று என்பதே முதல் வினா.

ஒகாமேயின் மூலத்தை யப்பானியர் அமெனோ உசுமே என்னும் பெண்தெய்வத்திடம் காண்பர். கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட கோஜிக்கி அவள் கதையைக் கூறுகின்றது. ஞாயிற்றுத் தெய்வமாகிய அமத்தெரசு சினங்கொண்டு குகையினுட் புகுந்து மறைய, உலகு இருள்கின்றது. தெய்வங்கள் குகைவாயிலிற் கூடுகின்றன. உசுமே ஒரு தொட்டியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் ஏறிக் காலால் அதிர உதைத்து ஆடுகின்றாள். ஆட்டத்தின் வெறியில் மார்பு திறக்கின்றது, உடை நெகிழ்கின்றது. கூடிநின்ற எண்ணிறந்த தெய்வங்கள் விண்ணதிரச் சிரிக்கின்றன. தானின்றி உலகு இருண்டிருக்கச் சிரிப்பொலி கேட்பதேன் என வியந்த ஞாயிறு கதவைச் சிறிதே திறக்கின்றாள், வெளியே இழுக்கப்படுகின்றாள். உலகு ஒளிபெறுகின்றது.

இக்கதையில் இரு செய்திகள் எமது கவனத்துக்குரியன. உசுமே அழகற்றவள் என்று கோஜிக்கி எங்கும் கூறவில்லை என்பது ஒன்று. அவள் நகைப்புக்குரியவளல்லள், நகைப்பை ஆக்குபவள் என்பது மற்றொன்று. அவளது ஆட்டம் அறிந்து செய்யப்பட்ட செயல். உடல் அவளது கருவி. தெய்வங்கள் அவளைக் கண்டு சிரித்தன எனலாம். ஆயினும் அச்சிரிப்பின் கடிவாளம் அவள் கையில் இருந்தது. அரசவைச் சடங்குகளில் ஆடிய சருமே என்னும் பெண்குழுவினர் தம்மை உசுமேயின் வழிவந்தோராகக் கொண்டமையும் நோக்கற்பாலது. கிரேக்கத்தில் மகளை இழந்து துயருற்ற தெமெத்தர் என்னும் தாய்த்தெய்வத்தை இயாம்பே என்னும் பணிப்பெண் பகடி பேசிச் சிரிக்கவைத்த கதையும் இவ்வகையினதே. விளைச்சலின்மையையும் இருளையும் முறியடிக்கும் ஆற்றல் பெண்ணின் நாணமற்ற நகைக்கு உண்டு என்னும் நம்பிக்கை, வேளாண் சமூகங்கள் பலவற்றில் வேரூன்றியிருந்தது போலும்.

நகையை ஆக்கியவள் நகைக்கப்படுபவளாக மாறிய வரலாறுதான் ஒகாமேயின் வரலாறு என்பது எமது துணிபு. அம்மாற்றத்தை அரங்கிற் காணலாம்.

யப்பானிய நகை நாடகமாகிய கியோகனில் பெண்பாத்திரங்களை மரபாக ஆடவரே ஏற்றனர். அப்பாத்திரங்களுட் பெரும்பாலானவற்றுக்கு முகமூடி இல்லை. நீண்ட வெண்துணியைத் தலையிற் சுற்றி அதன் இரு முனைகளையும் முகத்தின் இருபுறமும் தொங்கவிட்டு, வெறுமுகத்தோடு தோன்றும் நடிகன் பெண்ணாகிவிடுகின்றான். இவ்வாறு வெறுமுகத்தோடு வரும் மனைவியர் வாய்த்துடுக்கு மிக்கவர், சோம்பிய கணவனை அரங்கைச் சுற்றித் துரத்துபவர், வழக்கில் வெல்பவர். ஆனால் ‘ஒத்தோ’ என்னும் முகமூடி, ஒகாமேயின் நேர்த் தமக்கை எனத்தக்கது, அழகற்ற பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டது. ‘சுரிபரி’ என்னும் கியோகனை எடுத்துக்கொள்வோம். ‘தூண்டில்’ என்பது அதன் பொருள். மனைவி வேண்டி எபிசு தெய்வத்தின் கோயிலுக்குச் செல்லும் தலைவனுக்கும் பணியாளுக்கும் ஒரு தூண்டில் கிடைக்கின்றது. பணியாள் தூண்டிலை வீசித் தலைவனுக்கு மனைவியைப் பிடித்துக் கொடுக்கின்றான். பின்னர்த் தனக்கும் வீசுகின்றான். பிடிபட்டவளின் முக்காட்டை விலக்கிப் பார்க்க, உள்ளே ஒத்தோ. அலறி ஓடுகின்றான், அவள் பின்தொடர்கின்றாள். நாடகம் முடிகின்றது.

கடலும் தூண்டிலும் அன்றாட வாழ்வாயுள்ள எமது தீவுப்பகுதி மக்கள் இந்நாடகத்தைக் கண்டாற் சிரிப்பர் என்பதில் ஐயமில்லை. சிரித்தபின் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. ஒத்தோ ஏன் பேசுவதில்லை? வெறுமுகப் பெண் கணவனோடு வாதிடுகின்றாள். முகமூடிப் பெண்ணுக்கு முகமே வசனமாகிவிடுகின்றது. முகம் வெளிப்பட்ட கணமே நகை பிறந்து முடிந்தும் விடுகின்றது. கியோகனின் வாய்த்துடுக்குப் பெண்ணிடத்து உசுமேயின் எச்சம் இருக்கிறது. ஒத்தோவிடத்து அது இல்லை. முகமூடி உசுமேக்கு அளிக்கப்பட்ட கௌரவமாகப் பொதுவாக விளக்கப்படும். எமக்கோ அது அவள் வாயின்மேல் வைக்கப்பட்ட மூடியாகவும் தோன்றுகின்றது. 1629இல் தொக்குகவா அரசு பெண்கள் கபுக்கி அரங்கில் தோன்றுவதைத் தடைசெய்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். ஓக்குனி என்னும் பெண்ணால் தொடங்கப்பட்டதெனக் கூறப்படும் கலையிலிருந்தே பெண் விலக்கப்பட்டாள்.

ஆயின் கிராமத்து ஒகாமேயை இவ்வாறு எளிதிற் கணக்குத் தீர்த்துவிட முடியாது. நாரா மாவட்டத்து அசுக்கா ஊரிலுள்ள அசுக்கானியிமசு ஆலயத்தில் பெப்ரவரி முதல் ஞாயிறன்று நிகழும் ஒந்தா விழாவில், உழவும் நாற்றுநடுகையும் பாவனையாக நிகழ்த்தப்பட்டபின், நீண்ட மூக்குடைய தெங்கு முகமூடியணிந்தவனும் ஒத்தபுக்கு முகமூடியணிந்த ‘பெண்’ணும் மணமக்களாக வந்து கூடலை ஒளிவுமறைவின்றி அபிநயிப்பர். ஊரார் குழந்தைகுட்டிகளோடு நின்று சிரிப்பர். விளைச்சலுக்கான சடங்கு இது. ஒகாமேயின் மறுசோடியாகிய ஹியொத்தோக்கோவும் உழைப்பின் குறியீடே; ஊதுகுழலால் நெருப்பூதிக் கோணிய வாயுடையவன் அவன். ‘நெருப்பாள்’ என்பதே அப்பெயரின் அடியென்பர். அடுப்பூதும் ஆணும் கன்னம் உப்பிய பெண்ணும் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில், உழைத்து உருக்குலைந்த உடலைத் தாமே பார்த்துச் சிரித்துக்கொள்ளும் உழவரின் நகை உண்டு. மேலோர் கீழோரைக் கண்டு நகைக்கும் நகைக்கும் இதற்கும் தூரம் அதிகம். இவ்வகையில், இரபெலே பற்றிய தம் நூலில் (1965) மிகயில் பக்தின் விளக்கிய திருவிழாச் சிரிப்புக்கு ஒந்தா ஒரு நல்ல எடுத்துக்காட்டு எனலாம். பக்தினை ஓதுவோர் அச்சிரிப்பு எல்லாரையும் சமப்படுத்துகின்றது என்பர். நாம் ஓர் ஐயத்தை மட்டும் சேர்த்துக்கொள்கின்றோம். ஒந்தாவில் ஒத்தபுக்குவின் பின்னால் இருப்பவனும் ஆண்தான்.

ஒகாமே பற்றி வழங்கும் கதைகளுள் எம்மை மிக உலுக்கியது கியோட்டோ நகரத்துச் செம்போன் சாக்கதோ எனப்படும் தய்ஹோவொன்ஜி ஆலயத்துக்குரியது. அதன் பெருமண்டபம் 1227இல் எழுந்தது. பழைய கியோட்டோ நகரின் உட்பகுதியிற் பிழைத்துநிற்கும் மிகப் பழைய மரக்கட்டடம் அதுவேயாகும். கதை வருமாறு. மண்டபத்தைக் கட்டும் பொறுப்பேற்ற தலைமைத் தச்சன் தக்கத்சுகு, நான்கு முதன்மைத் தூண்களுள் ஒன்றை அளவு தப்பிக் குறுக வெட்டிவிடுகின்றான். மாற்றுமரம் கிடைப்பதற்கில்லை. அவன் மனைவி ஒகாமே ஒரு வழி சொல்கின்றாள்: மற்ற மூன்றையும் அதே அளவுக்குக் குறைத்துவிட்டு, தூண்தலையிற் போதிகைக் கட்டைகளை அடுக்கி உயரத்தை ஈடுசெய். மண்டபம் முன்னையிலும் அழகாய் அமைகின்றது. ஆனால் ஒரு பெண்ணின் அறிவுரையாலே தச்சன் கடமையை நிறைவேற்றினான் என்பது வெளிப்பட்டால் அவன் பெயர் கெடுமே என்று அஞ்சி, மண்டபம் நிறைவெய்தும் முன்னரே அவள் உயிரை மாய்த்துக்கொள்கின்றாள். தக்கத்சுகு அவள் முகத்தைச் செதுக்கிக் கூரைக் கட்டுமானத்தில் வைத்தான் என்பர். இன்றும் அவ்வாலயத்தில் ஒகாமேயின் சிலை உண்டு. புதுவீடு கட்டுவோர் அவள் முகத்தைக் கூரையில் வைக்கும் வழக்கமும் இக்கதையோடு தொடர்புபடுத்தப்படும்.

இக்கதையை மனைவியின் தியாகக் கதையாகப் போற்றுவதே வழக்கு. எம்மால் அவ்வாறு போற்ற இயலவில்லை. எந்தச் சமூகத்தில் ஒரு பெண் கட்டடக் கணக்கை அறிந்திருப்பது சாவுக்குரிய இரகசியமாகின்றதோ, அந்தச் சமூகம் அவள் முகத்தை என்றென்றும் சிரித்துக்கொண்டிருக்கும்படி செதுக்கி வைக்கின்றது. அவள் அறிவு தூண்தலையில் இருக்கிறது. அதைப் பார்ப்பவர் பொறியியலைக் காண்பர். அவள் முகம் முற்றத்தில் இருக்கிறது. அதைப் பார்ப்பவர் நகைப்பர், பேறு வேண்டுவர். இவ்விரண்டையும் பிரித்துவைத்ததில்தான் கதையின் கொடுமை உள்ளது. கதை வரலாற்று உண்மையா என்பது இங்கு முதன்மையன்று. இப்படி ஒரு கதையை அம்முகத்துக்குப் பின்னால் வைக்கவேண்டுமென மக்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அதுவே சான்று.

இனி எமது பக்கம் திரும்புவோம்.

வேலணை உள்ளிட்ட யாழ்ப்பாணத்துச் சைவக் கிராமங்களில் முகமூடிக்கு நெருங்கிய பொருளொன்றை மக்கள் காண்பது கந்தசட்டியின் இறுதியில் நிகழும் சூரன்போரிலேயாகும். தாரகனின் யானைத்தலை, சிங்கமுகன் தலை, சூரபன்மன் தலை எனத் தலைகள் மாற்றப்பட, சூரன் ஓடியும் திரும்பியும் போரிடுவான். சிறுவர் அஞ்சுவதும் ஆர்ப்பரிப்பதும் அத்தலைகளைக் கண்டே. அவை அசுரரின் தலைகள், ஆண்தலைகள், நகைக்குரியனவும் அல்ல. எமது நாட்டுக்கூத்தோ முகமூடியைப் பெரிதும் நாடவில்லை. அரிதாரமும் முடியும் உடுப்பும் அங்குப் போதும். பெண்வேடத்தை ஆடவர் வெறுமுகத்தில் எழுதிக்கொண்டனர். காத்தவராயன் கூத்தில் முத்துமாரியும் ஆரியமாலையும் ஆடவராலேயே ஆடப்பட்டனர். ஆகவே நகைமுகப் பெண்முகமூடி என்னும் பொருளே எமது தீவுகளில் தோன்றவில்லை எனலாம். தோன்றாமையும் ஆராய்ச்சிக்குரிய செய்திதான்.

கடலைக் கடந்து தெற்கே சென்றால் அது உண்டு. அம்பலாங்கொடை, பெந்தோட்டைப் பகுதிகளுக்குரிய சிங்களக் கோலம் ஆட்டத்திலே, அரச அறிவிப்பைப் பறையறைந்து சொல்லவேண்டியவன் குடித்துக் கிடக்க, அவனைத் தேடி வருகின்றாள் அவன் மனைவி, முதியவளான நொஞ்சி அக்கா. சலவைத்தொழிலாளியின் மனைவியாகிய லெஞ்சினா இன்னொருத்தி. அவளை முதலியார் விழைய, கணவனோடு பூசல் நிகழும். கோலம் என்ற சொல் தமிழர்க்கு விளக்கம் வேண்டாதது. மகாசம்மத மன்னனின் தேவி கருவுற்றபோது கொண்ட மசக்கை ஆசையைத் தணிக்கவே இம்முகமூடிகள் செதுக்கப்பட்டன என்று அதன் தோற்றக்கதை கூறும். ஒரு பெண்ணின் விருப்பத்தால் பிறந்த அரங்கு, பெண்ணை நகைப்பொருளாக நிறுத்தியது. நொஞ்சி அக்காவைக் கண்டு எழும் சிரிப்பில் முதுமை மட்டுமன்று, சாதியும் கலந்துள்ளது. பறையறைவோன் மனைவியும் சலவைத்தொழிலாளி மனைவியும் நகைக்குரியோராதல் தற்செயலன்று. ஆனால் அதே அரங்கில் முதலியாரும் ஆராச்சியும் பொலிசுக்காரனும் அதே வேகத்தோடு பகடிக்குள்ளாகின்றனர் என்பதையும் சொல்லியாகவேண்டும். இந்நகையின் வாள் இருபுறமும் வெட்டுவது.

பேராசிரியர் எ. ஆர். சரச்சந்திர இக்கோலங்களைத் தம் நாட்டார் நாடக ஆய்விலே விரிவாக ஆராய்ந்தவர். யப்பான் சென்று நோ, கபுக்கி அரங்குகளைக் கண்டு வந்தபின் 1956இல் ‘மனமே’யை அளித்தவரும் அவரே. அம்முயற்சியின் உந்துதல் பேராசிரியர் சு. வித்தியானந்தனைத் தொட, பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன், வாலிவதை முதலியன மேடையேறின. இவை எமது அரங்க வரலாற்றின் பெருஞ் சாதனைகள். ஆயின் ஒன்றைக் கவனிக்கலாம். ‘மனமே’ யப்பானிலிருந்து பெற்றது நோவின் அமைதியும் கபுக்கியின் ஒழுங்குமே. கூத்தின் மீட்பிலும் வீரரும் வேந்தருமே முன்னின்றனர். 1963இல் மேடையேறிய நொண்டி நாடகம் விதிவிலக்கு. அதிலும் நொண்டி நாடக மரபுக்கேற்பப் பெண் என்பவள் ஆடவனின் பொருளைக் கவரும் கணிகை. நகைப்பெண் எவராலும் பல்கலைக்கழக அரங்குக்கு அழைத்துவரப்படவில்லை. மரபைத் தூய்மைப்படுத்தி மேலேற்றும்போது முதலிற் கழிக்கப்படுவது எது என்பதற்கு இதனிலும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

ஆந்திரத்துத் தோற்பாவைக் கூத்திலும் ஒரு நகைப்பெண் உண்டு: பங்காரக்கா. ‘பொன்னக்கா’ எனத் தமிழ்ப்படுத்தலாம். கேதிகாடு, ஜுட்டுப்போலிகாடு என்னும் கோமாளிகளோடு அவள் வந்து இராமாயணத்தின் நடுவே கூசாத பகடி பேசுவாள். பாவையும் ஒருவகை முகமூடியே. அதன் முகம் மாறுவதில்லை, நாணிச் சிவப்பதுமில்லை. ஆனால் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. அக்கூத்து குடும்பமாக நிகழ்த்தப்படுவது. பெண்பாவைகளுக்குக் குடும்பத்துப் பெண்கள் குரல் கொடுப்பர். எனவே பங்காரக்காவின் வாயிலிருந்து வரும் பகடி ஒரு பெண்ணின் குரலில் வருகின்றது. திரைக்குப் பின்னே உருவம் மறைந்திருப்பதால் அவளால் வெளிப்படையாகப் பேசமுடிகின்றது. முகமூடி பெண்ணின் வாயை மூடவும் கூடும், திறக்கவும் கூடும். பின்னால் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது. இதுவரை நாம் கூறிவந்ததற்குப் பங்காரக்கா ஒரு திருத்தமாகின்றாள்.

நொஞ்சி அக்கா, பங்காரக்கா: இருவரும் ‘அக்கா’ என்றே அழைக்கப்படுதல் கருதத்தக்கது. தாயைக் கண்டு நகைக்கக் கூடாது, தங்கை காப்பாற்றப்படவேண்டியவள். அக்காவோ மூத்தவள், ஆனால் அதிகாரமற்றவள். உறவுமுறையின் இவ்விடைவெளியில்தான் நகை நுழைகின்றது. இது எம்மைத் தமிழ் மரபின் பேரக்காளிடம், தவ்வையிடம், கொண்டுசேர்க்கின்றது.

திருமகளின் தமக்கையாகிய தவ்வையை மூதேவி, சேட்டை, முகடி என்றெல்லாம் வழங்குவர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் திருப்பரங்குன்றத்துக் குடைவரையிலும் அவள் சிற்பத்தைக் காணலாம். பருத்த வயிறு, தொங்கிய மார்பு, அகன்ற முகம், அருகே காளைமுகத்து மைந்தன். காக்கை அவள் கொடி, துடைப்பம் அவள் கருவி. பல்லவ, பாண்டியர் காலத்தில் வழிபடப்பட்ட தாய்த்தெய்வம் அவள். பின்னர் அவ்வழிபாடு அருகியது. எஞ்சியது பெயர் மட்டும், அதுவும் வசையாக. வேலணையிலோ புங்குடுதீவிலோ ‘மூதேசி’ என்று ஒருவரைத் திட்டுபவருக்குத் தாம் ஒரு பழந்தெய்வத்தின் பெயரைச் சொல்கின்றோம் என்னும் நினைவு இராது.

ஒகாமேயின் அருகில் தவ்வையை நிறுத்திப் பாருங்கள். இருவரும் பருத்த உடலினர். அழகு இலக்கணத்துக்கு வெளியே நிற்பவர். வளத்தோடும் மகப்பேற்றோடும் தொடர்புடையோர். இருவர் பெயரும் வசையாயிற்று. யப்பானிய வணிகன் ஒகாமேயின் முகத்தை வாரியில் வைத்துக் கடைவாசலில் மாட்டுகின்றான். தமிழன் தவ்வையின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து வாசலுக்கு வெளியே தள்ளுகின்றான். கூட்டி வாரும் கருவி இருவருக்கும் உரியதே. ஒருத்தியிடம் அது செல்வத்தை உள்ளே வாருகின்றது, மற்றவளிடம் அது தீண்டத்தகாப் பொருளாகின்றது. உழைப்பின் கருவியை இழிவாகக் கண்ட சமூகம் அதனை ஏந்தியவளையும் இழிந்தவளாக்கியது. வள்ளுவர் அழுக்காற்றையும் மடியையும் பேசுமிடங்களில் இவளை நினைவுகூர்கின்றார். சோம்பல் இவளது உறைவிடமாகக் காட்டப்படுகின்றது. வீடு கூட்டுபவள் கையிலுள்ள கருவியை ஏந்தியவளைச் சோம்பேறி எனக் கூறுவதிலுள்ள முரண் எமது உரையாசிரியர்களை ஏனோ உறுத்தவில்லை.

வேற்றுமையின் சாரம் இதுதான். யப்பானியர் அழகற்ற பெண்ணை நகையின்வழி வீட்டினுள் ஏற்றனர். அந்த ஏற்பு முழுமையான ஏற்பன்று. அவள் பேசாதிருக்கும்வரையிலான ஏற்பு. எமது உயர்மரபோ அவளை நகைக்கவும் மறுத்து அஞ்சி விலக்கியது. நகையிலாவது ஓர் உறவு இருக்கிறது. விலக்கில் அதுவும் இல்லை.

இதற்கான வேரை எமது இலக்கணத்திலேயே தேடலாமோ என்று தோன்றுகின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களுள் பேதைமையையும் மடனையும் சேர்க்கின்றது. அதே நூல் அச்சம், நாணம் ஆகியவற்றோடு மடத்தைப் பெண்ணின் இயல்பாகப் போற்றுகின்றது. உரையாசிரியர் இவற்றை நுணுக்கமாக வேறுபடுத்துவர், அந்நுணுக்கத்தை மறுக்கவில்லை. ஆயினும் எது பெண்ணுக்கு அணியோ அதுவே நகைக்கும் விளைநிலம் என்னும் அமைப்பு அங்கு இருக்கிறது. அதன்படி பெண் நகைக்கப்படலாம். நகைவிப்பவளாதற்கோ நாணத்தைக் கைவிடவேண்டும். உசுமே கைவிட்டது அதையே. பேராசிரியர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகம் பற்றிய தம் ஆங்கில நூலில் (1981) ஆட்டக்கலைஞரின் சமூக நிலையை விரிவாக ஆராய்ந்தார். விறலியின் ஆட்டத்தில் நகைக்கு எத்துணை இடமிருந்தது என்ற வினாவை அவ்வழியிற் சென்று இன்னும் எழுப்பலாம்.

வேலணை மண்ணில் இவ்வாய்வை மேற்கொள்வது இன்று எளிதன்று. 1990ஆம் ஆண்டுப் போரும் அதனைத் தொடர்ந்த இடப்பெயர்வும் தீவுப்பகுதி மக்களைக் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சிதறடித்தன. சரவணையிலும் புளியங்கூடலிலும் நாரந்தனையிலும் இருந்து சென்ற முதிய பெண்கள் பலர் இன்று தோரந்தோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். எமது நாட்டார் பாடற் தொகுதிகளில் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் தரப்பட்ட இடத்தோடு ஒப்பிட, பெண்கள் தமக்குள் பாடிக்கொண்ட பகடிப் பாடல்களுக்குத் தரப்பட்ட இடம் மிகச் சிறிது. கொச்சை என்றும் அச்சுக்கு ஒவ்வாதது என்றும் ஒதுக்குதல் தொகுப்பாளரின் பழைய நோய். பெண்களும் ஆடவத் தொகுப்பாளர் முன்னிலையில் அவற்றைப் பாட இணங்கியிருக்கமாட்டார்கள். பங்காரக்காவுக்குத் திரை தேவைப்பட்டதன் காரணமும் அதுவே.

எனவே கேட்கப்படவேண்டிய வினாக்களும் கேட்பவர்களும் மாறவேண்டும். பனையோலை வார்ந்து பெட்டி இழைக்கும்போது, நெற்கதிர் அரியும்போது, சாமத்தியச் சடங்கின் முதல்நாள் இரவில் ஆடவர் விலகிய பின்னர், யார் யாரைப் போல நடந்து காட்டினார்கள்? மாமியாரின் நடையை எவர் நடித்தார்? மணியகாரரின் குரலை எவர் எடுத்தார்? சால்வையைத் தலையிற் கட்டி ஆணாக வந்தவர் எவர்? ஒப்பாரியின் நடுவிலே, உதவாத உறவினரை ஓரடியிற் குத்திச் செல்லும் பகடியை ‘சோகப் பாடல்’ என்னும் தலைப்பின்கீழ் அச்சிட்டுவிட்டோம். அதனைத் தனியே பிரித்தெடுத்துப் படித்தவர் எத்துணைபேர்? பெண் ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு தம் பாட்டிமாரின் அருகில் அமரவேண்டிய காலம் கடந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அரங்கியல் பயிலும் மாணவியர், கூத்தில் வீரர் வேடத்தையும் ஏற்கும் இந்நாளில், நொஞ்சி அக்காவை மனைவியாகவன்றிக் கதைசொல்லியாக முன்னிறுத்தி ஒரு நிகழ்வை ஆக்கிப்பார்க்கலாம். முகமூடியை அம்பலாங்கொடைத் தச்சரிடமே செய்வித்துக்கொள்ளலாம். வசனம் மட்டும் இனித்தான் எழுதப்படவேண்டும்.